கரையில் உலவுவோரே, கலங்கல் எங்கே?

தமிழ்நாட்டில் ஏரிக்கரைக்கு மீண்டும் ஆள் வரத் தொடங்கியிருக்கிறது. விடியலில் நடைபயில வருவோர், ஞாயிறுதோறும் மிதிவண்டியிற் சுற்றிவரும் இளைஞர், மாலையில் மனைவி மக்களோடு வந்தமர்ந்து காற்று வாங்குவோர் எனச் சென்னைச் சேத்துப்பட்டு ஏரி முதல் கோவை வாலாங்குளம் வரை நீர்க்கரைகள் நடமாட்டம் பெற்றுள்ளன. இதனை நாம் வெறுக்கவில்லை, உளமார வரவேற்கின்றோம். ஏரிக்கு முதுகைக் காட்டி வீடு கட்டி, அதன் மடியில் குப்பையையும் சாய்க்கடையையும் கொண்டுபோய்க் கொட்டிய நகர மாந்தர், இன்று அதன் கரையிற் கால்வைத்து நடக்கின்றனர் எனின் அது நன்றே. ஆயின், அவர் எதன்மேல் நடக்கின்றார்? எதனைக் காண்கின்றார்? எதனைத் தம் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுகின்றார்? இம்மூன்று வினாக்களையே இக்கட்டுரை கேட்கின்றது.

கரையேறியதும் நம் கண்ணிற் படுவன யாவை? 'எக்கோ பார்க்', 'லேக் பிரண்ட்', 'வாக்கிங் டிராக்', 'சைக்கிள் டிராக்', 'போட்டிங்', 'புட் கோர்ட்', 'செல்பி பாயிண்ட்'! எழுத்துத் தமிழ், சொல் தமிழன்று. ஊர்ப்பெயரோடு 'ஐ லவ்' என்று ஆளுயர ஆங்கில எழுத்துகளை நட்டு, அவற்றுக்கு இரவெல்லாம் மின்விளக்கும் எரிக்கின்றனர். தன் ஊர்மேல் தனக்குள்ள அன்பைத் தாய்மொழியிற் சொல்ல நாணும் இனம் நம்மைப்போல் வேறொன்று உண்டோ? சிற்றுண்டிக் கடைக்கு வழிகாட்டும் பலகை உண்டு. மதகுக்குப் பலகை இல்லை. படகுக் கட்டணம் எழுதிய பலகை உண்டு. கலங்கல் எப்பக்கம் என்று சொல்லும் பலகை இல்லை. நீர் எங்கிருந்து வருகின்றது, எங்கே போகின்றது, எந்தக் கழனியை நனைத்தது என்று ஒரு வரியும் இல்லை. ஏரிக்குப் போய் ஏரியைக் காணாமலே திரும்பும் புதுமையை நம் நகரங்கள் படைத்துவிட்டன!

ஏரி நீர் நிறைந்த பள்ளம் அன்று

ஏரியை நீர் நிறைந்த பள்ளம் என்று எண்ணுவோன், அதனைப் பூங்காவின் நடுவிலுள்ள அழகுத் தொட்டியாகவே காண்பான். ஏரி பள்ளம் அன்று. அஃது ஒரு கட்டமைப்பு. மேட்டு நிலத்து மழைநீரைத் திரட்டிக் கொணர்வது வரத்துக்கால். அந்நீர் தேங்கி நிற்கும் இடம் உள்வாய். அதனைத் தாங்கி நிற்பது பிறைபோல் வளைந்த மண்கரை. கரையின் அடியிலிருந்து நீரை அளந்து விடுவது மதகு. கல்வெட்டுகளிற் காணும் தூம்பும் குமிழித்தூம்பும் அதன் முன்னோர். மதகின் வழி வரும் நீரைக் கழனிக்குக் கொண்டு செல்வது வாய்க்கால். வயலுக்குள் திறந்துவிடும் வாய் மடை. ஏரி நிறைந்தபின் மிகுநீர் கரையை உடைத்துவிடாமல், கற்கட்டின்மேல் வழிந்தோட வைத்த இடம் கலங்கல். கலிங்கு என்றும் கலுங்கு என்றும் அது வழங்கும். அவ்வாறு வழிந்த நீர் மறுகாலாக ஓடி அடுத்த ஏரியை நிறைக்கும். அது நிறைந்தால் அதற்கடுத்ததை நிறைக்கும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன என்பது அரசுக் கணக்கு. அவற்றுள் மிகப் பல தனித்து நிற்பன அல்ல. இவ்வாறு ஒன்றோடொன்று கோத்து நிற்கும் தொடரேரிகள். ஒன்றின் மறுகாலை அடைத்தவன் அடுத்த ஊரின் வாயை அடைத்தவனாவான்.

வட்டாரந்தோறும் பெயர் மாறும். செங்கற்பட்டு, ஆர்க்காட்டுப் பகுதிகளில் ஏரி, தாங்கல். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் கண்மாய், ஏந்தல். நெல்லையிலும் கோவையிலும் குளம். ஊர் உண்ணும் நீருக்கு ஊருணி. ஏர்த்தொழிலுக்கு நீர் தருவது ஏரி, மதகுக் கண்ணை உடையது கண்மாய், நீரைத் தாங்குவது தாங்கல், ஏந்துவது ஏந்தல். பெயரைச் சொன்ன அளவிலேயே அதன் பயன் விளங்கும். ஈழத்திலும் இவ்வாறே. மன்னார்க் கட்டுக்கரைக் குளத்துக்கு ஆங்கிலேயன் 'செயன்ட்சு டேங்க்' என்று பெயரிட்டுத் தன் நிலப்படத்தில் எழுதிக்கொண்டான்; தமிழ் மக்கள் நாவிலோ அது கட்டுக்கரையாகவே நிற்கின்றது. இத்துணைச் சொற்களையும் கூட்டிக் குவித்து 'லேக்' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடைப்பவன், எது குடிக்கும் நீர், எது பாயும் நீர், எது கழிந்தோடும் நீர் என்று பிரித்தறியும் அறிவையும் சேர்த்தே இழக்கின்றான்.

இது கற்பனையச்சம் அன்று. ஏரிப் பாசனமுள்ள ஊர்களிலிருந்து வரும் மேனிலை வகுப்புப் பிள்ளைகளிடம், கலங்கல் என்றால் என்னவென்று யான் வினவியதுண்டு. நாற்பதின்மரில் முப்பத்தொன்பதின்மர் விழித்தனர். சிலர் 'கலங்கிய நீர்' என்றனர். சரியாக விடை கூறியவன் ஒருவனே. அவன் பாட்டனார் ஊர் நீர்க்கட்டியாக இருந்தவர். அப்பாட்டனார் மறைந்தபின் அவ்வூரில் அச்சொல்லை எவர் சொல்வார்?

கழிவெளி கழிவாயிற்று

சொல்லை மறந்தால் என்ன கேடு வந்துவிடும் என்று கேட்போர் பள்ளிக்கரணைக்குச் சென்று காண்க. தென்சென்னையிலுள்ள அச்சதுப்பு நிலத்தை அவ்வட்டார மக்கள் கழிவெளி என்றே வழங்கினர். நீர் கழிந்தோடுதற்குரிய வெளி கழிவெளி. சுற்றுப்புறத்து ஏரிகள் பலவற்றின் மிகுநீர் அங்கே பரவி நின்று, ஆறி, ஒக்கியம் மடுவின் வழியே சென்று கோவளக் கழிமுகத்திற் கடலைச் சேரும். நகரத்தின் தென்பாதிக்கு அதுவே கலங்கல். மக்கள் இட்ட பெயரில் அவ்விடத்தின் பணி முழுதும் அடங்கியிருந்தது.

நகராண்டோர் செவியில் அப்பெயர் எவ்வாறு விழுந்ததோ! கழிவெளி என்பதைக் கழிவு கொட்டும் வெளி என்றே பொருள்கொண்டார் போலும். பெருங்குடியிற் குப்பையை மலையாகக் குவித்தனர். 1960களில் 5,000 எக்டேருக்கு மேற்பட்டது என்று சொல்லப்படும் அவ்வெளி, அரை நூற்றாண்டில் ஏறத்தாழப் பத்திலொரு பங்காகச் சுருங்கியது. மனைப்பிரிவுகளும் அகலச் சாலைகளும் கணிப்பொறி நிறுவனங்களும் அரசின் கட்டடங்களும் அதன்மேல் எழுந்தன. 2007இல் எஞ்சியதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அது, 1971இல் ஈரான் நாட்டு இராம்சார் நகரில் உருவான பன்னாட்டு ஈரநில உடன்பாட்டின் பட்டியலில் இடம்பெற்றது. நம் பாட்டன் அறிந்து பெயரிட்டதை, ஈரானிலிருந்து ஒரு பட்டியல் வந்து சொன்ன பின்னரே நாம் மதிக்கத் தொடங்கினோம்!

இடையில் நேர்ந்தது என்ன? 2015இன் இறுதியிற் பெய்த பெருமழையில் தென்சென்னை மூழ்கியது. வெள்ளம் ஊருக்குள் புகுந்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. ஊரன்றோ வெள்ளத்தின் இடத்துக்குள் புகுந்திருந்தது? நான்கே ஆண்டுகளில், 2019இல், அதே நகரத்துக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டு வெடித்தன. சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் வந்தது. மூழ்கியதும் வறண்டதும் ஒரே நோயின் இருமுகங்கள். நீருக்கு இடம் விடாதவனுக்கு மழைநாளில் நீர் எமன். கோடையில் நீர் கனவு.

இன்னொரு சொல்லின் வீழ்ச்சியையும் எண்ணுக. புறம்போக்கு என்பது வரிக்குப் புறம்பாக, எவர்க்கும் தனியுடைமை ஆகாமல், ஊர்க்கெல்லாம் பொதுவாக ஒதுக்கிய நிலம். ஏரியின் உள்வாயும், வாய்க்காலும், மேய்ச்சல் வெளியும், சுடுகாடும் அதனுள் அடங்கும். ஊரின் பொதுச்செல்வத்தைக் குறித்த அச்சொல் இன்று தெருச்சண்டையில் ஒருவனை இழித்துரைக்கும் வசைச்சொல்! சொல் இழிந்த அன்றே நிலமும் இழிந்தது. 'புறம்போக்குத்தானே' என்று சொல்லியே வளைத்தனர், விற்றனர், பட்டாவும் கேட்டனர். பொதுவானது எவனுடையதும் அன்று என்னும் கயமையை அவ்வசைச் சொல்லே கற்றுக்கொடுத்தது.

சென்னை நடுவே நுங்கம்பாக்கத்துக்கும் மாம்பலத்துக்கும் அருகில் நீண்டு கிடந்த ஏரி 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தூர்க்கப்பட்டது. தியாகராய நகர் எழுந்தது. இன்று நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' உண்டு, 'டேங்க் பண்ட் ரோடு' உண்டு. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' உண்டு. ஏரி இல்லை, கரை இல்லை, காட்சியும் இல்லை. ஆங்கிலப் பெயர் மட்டும் கல்லறைக் கல்போல் நிற்கின்றது. இரு புனலையும் நாட்டுக்கு உறுப்பென எண்ணிய வள்ளுவர் பெருமானுக்கு 1976இல் திறந்த கோட்டமும் முன்னர் ஏரியாய்க் கிடந்த நிலத்திலேதான் நிற்கின்றது. கோட்டம் கட்டியோர் ஏரியைத் தூர்த்தாரல்லர். அது முன்னரே தூர்ந்திருந்தது. ஆயினும் அக்கோட்டத்துக்குச் செல்லும் தமிழன் தன் காலடியிற் புதைந்துள்ளது எது என்று ஒரு நொடியேனும் எண்ண வேண்டாவோ?

சொல்லால் ஏரி நிறையுமோ?

'ஏரிக்குத் தூய தமிழ்ப் பெயரிட்டால் நீர் நிறைந்துவிடுமோ? சாய்க்கடை நின்றுவிடுமோ?' என்று நம்மை எள்ளுவோர் உண்டு. நிறையாது, நிற்காது. ஆயின் ஒன்றைக் கேட்கின்றோம். மறுகால் என்னும் சொல்லை அறியாதவன், மறுகாலை மண்ணிட்டு மூடும் சரக்குந்தைக் கண்டால் என்னவென்று முறையிடுவான்? 'அங்கே ஏதோ ஒரு பள்ளத்தை மூடுகிறார்கள்' என்பான். அறிந்தவனோ, 'எங்கள் ஏரியின் மறுகாலை அடைக்கின்றனர்; அடுத்த மழைக்குக் கரை உடையும்' என்று வட்டாட்சியர் அலுவலகத்திற் போய் நிற்பான். ஏரிகளின் காப்புக்கும் வன்கவர்வு அகற்றலுக்கும் 2007இலேயே தமிழ்நாட்டிற் சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஏட்டிலே உண்டு. அதனைக் கையிலெடுக்க வேண்டிய குடிமகனுக்குத் தான் இழப்பது எதுவென்று பெயர்சொல்லத் தெரியவேண்டும். முறையீட்டின் முதல் வரியே பெயர்தான்.

'மக்கள் வந்து உலவுவதாலேயே ஏரி காக்கப்படுகின்றது. பூங்கா அமைக்காவிடின் அங்கே குடியிருப்பு எழும்' என்பது அடுத்த வாதம். இதில் உண்மை உண்டு, மறுக்கோம். நாள்தோறும் நூறு பேர் நடக்கும் கரையில் நள்ளிரவில் எவனும் எளிதிற் குப்பை கொட்டான். ஆயின், எங்கே நடப்பது? கரை என்பதே நடப்பதற்கு உரிய இடந்தான். உழவன் மண்வெட்டியோடு நடந்தான், மாட்டுவண்டி சென்றது, பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். கரையைப் பலப்படுத்தி, நிழல்மரம் வைத்து, அதன்மேல் நடக்கட்டும், மிதிவண்டி ஓட்டட்டும். எவர் வேண்டாவென்றார்? நாம் எதிர்ப்பது, கரையை விட்டிறங்கி உள்வாயில் மண் நிரப்பி, அதன்மேல் கற்காரை போட்டு, அதற்கு நடைவழி என்று பெயர் சூட்டுவதை. நீர் நிற்க வேண்டிய இடத்தில் மனிதன் நிற்கப் போய், நீர் எங்கே போய் நிற்கும்?

ஏரியின் ஓரம் ஆழமற்றுச் சரிந்து இறங்குவது கரணியத்தோடு அமைந்தது. அங்கேதான் கோரையும் சம்பும் வளரும். அங்கேதான் மீன் முட்டையிடும். தாழைக்கோழி கூடு கட்டும். உள்ளானும் நாரையும் சேற்றைக் கிளறி இரைதேடும். அவ்வோரத்தை நேர்நிற்கும் கற்சுவராக்கினால், உள்ளே விழுந்த தவளையும் ஏறி வர இயலாது. உள்வாயிற் பூங்கா அமைத்தபின், பூங்கா மூழ்காதிருக்க வேண்டி ஏரியை நிறையவிடாமல் வைத்திருக்கும் நிலையும் வரும். ஏரிக்காகப் பூங்கா என்றது போய்ப் பூங்காவுக்காக ஏரி என்றாகும். இரவெல்லாம் எரியும் விளக்கும் ஒலிபெருக்கியின் இரைச்சலும் சேர்ந்தால் பறவைக்கு அங்கே என்ன வேலை? பின்னர் அதே சுவரிற் பறவையின் படத்தை எழுதி வைப்பர். உயிருள்ளதை விரட்டிவிட்டு ஓவியத்தை வைப்பது எவ்வகை நாகரிகம்?

முன்னோர் சென்ற ஏரியுலா

குடும்பத்தோடு நீர்நிலைக்குச் செல்வதை ஆங்கிலேயன் நமக்குக் கற்பிக்கவில்லை. ஆடிப் பதினெட்டில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கும் ஏரிக்கரைக்கும் சென்றவர் நம் பெண்டிர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கதையே ஆடிப்பெருக்கன்று வீராணத்துக் கரையிற்றான் தொடங்குகின்றது. 2022இல் அது திரைப்படமாக வந்தபோது கூட்டங்கூட்டமாகச் சென்று கண்டோம். கண்டவருள் எத்துணைப் பேர் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளும் அக்கரையை நேரிற் கண்டவர்? 2004 முதல் சென்னையின் குழாயில் வரும் நீரில் அவ்வேரியின் நீரும் உண்டென்பதை எத்துணைப் பேர் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்?

அவ்வேரியின் பெயரிலேயே நமக்கு ஒரு பாடம் உண்டு. முதற்பராந்தகன் காலத்தில் அவன் சிறப்புப் பெயரால் அஃது வீரநாராயணன் ஏரி எனப்பட்டது. மக்கள் அதனைத் தம் நாவிற் போட்டு உருட்டி வீராணம் ஆக்கிக்கொண்டனர். உத்தரமேரூரில் பல்லவர் கால ஏரி வடமொழியில் வைரமேக தடாகம் எனப் பெயர் பெற்றது. கல்லில் எழுதியது தடாகம். உழவன் வாயில் அது ஏரி. அரசனும் அவனைச் சூழ்ந்தோரும் எம்மொழியிற் பெயரிட்டாலும், ஏரியோடு வாழ்ந்தவன் தன் மொழியிலேயே அதனை வழங்கினான். இன்று ஏரியோடு வாழ்வோர் குறைந்தனர். எனவேதான் பலகையில் எழுதியதே பெயராகிவிடுகின்றது.

அதே உத்தரமேரூரில் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்றொரு குழுவைக் கூறுகின்றன. அதன் உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தனர். அவர் பணிக்காலம் 360 நாள். முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியவராகார். ஏரியைப் பேணுதற்கென்றே ஏரிப்பட்டி என நிலம் ஒதுக்கினர். தூர்வாரப் பொன்னும் நெல்லும் கொடையளித்தனர். அதற்கும் முன்னர், நீர்நிலைகளைப் பெருக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்திய பாட்டு புறநானூற்றிலே உள்ளது. ஒரு புலவன் வேந்தனிடம் பரிசில் கேளாமல் ஏரி கேட்டான்! 2017இல் தமிழ்நாட்டரசு குடிமராமத்து என்னும் பழம்பெயரால் தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கியது. மராமத்து அயற்சொல், குடிகள் கூடிச் செய்யும் அப்பணியோ நம் முன்னோருடையது.

இன்றும் அவ்வுணர்வு முற்றும் அழிந்துவிடவில்லை. வேடந்தாங்கல் ஏரி 30 எக்டேர் அளவினதே. ஆயினும் அங்கே பறவைகளை மக்கள் பல தலைமுறையாகக் காத்து வருகின்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தம் பயிருக்கு உரமென்பதை அவ்வுழவர் எந்த ஆய்வறிக்கையும் படிக்காமலே அறிந்திருந்தனர். நெல்லை மாவட்டக் கூந்தன்குளத்திலும் பறவை அஞ்சுமென்று மக்கள் வெடி வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். இமயம் கடந்து வரும் பட்டைத்தலை வாத்துக்கும் அங்கே அடைக்கலம் உண்டு. இவ்விரண்டு ஏரிகளும் 2022இல் இராம்சார்ப் பட்டியலிற் சேர்ந்தன. 2025 பிப்பிரவரியில் அப்பட்டியலில் தமிழ்நாட்டு ஈரநிலங்கள் 20 ஆயின. பெருமைதான்! ஆயின் பட்டியல் ஏரியைக் காவாது. வேடந்தாங்கலைக் காத்தது பட்டியலன்று, அவ்வூரார்.

நம்மவர்க்கு ஒரு சொல்

இதுவரை பிறரைக் கடிந்தோம். இனி நம்மவரையும் கேட்போம். மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ்க் கொள்கையை முன்னெடுத்து ஒரு நூற்றாண்டு கடந்தது. அயற்சொல்லைக் களைவதிலும் புதுச்சொல்லை ஆக்குவதிலும் நம் அறிஞர் ஆற்றிய தொண்டு பெரிது. ஆயின் நம்முள் எத்துணைப் புலவர் ஒரு முறையேனும் ஏரிக்கரையில் நடந்து, நீர்க்கட்டியோடு அமர்ந்து, அவர் வாய்ச்சொற்களை ஏட்டிற் குறித்தனர்? உலக வழக்குச் சொற்களைத் திரட்டாத அகரமுதலி குறையுடையது என்று பாவாணர் இடித்துரைத்தாரன்றோ? மின்விசிறியின் கீழமர்ந்து 'வாக்கிங் டிராக்'குக்கு ஏழு மொழிபெயர்ப்புகள் ஆக்குகின்றோம். கரையில் ஏழு நூறு சொற்கள் எவரும் கேளாமல் மாய்கின்றன. ஆக்கிய சொல் ஏட்டில் நிற்கும். வாழ்ந்த சொல் மண்ணில் நிற்கும். வாழ்ந்த சொல்லைச் சாகவிட்டுப் புதுச்சொல்லுக்குத் தொட்டில் கட்டுவது தமிழ்த்தொண்டு ஆகுமோ?

ஆகவே, தமிழன்பர்காள், ஏரிக்குச் செல்லுங்கள், பிள்ளைகளோடு செல்லுங்கள். ஆனால் செல்லும் முறையில் செல்லுங்கள். ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிறையும்போது ஒரு முறையும், மார்கழி தையிற் பறவை வந்திருக்கும்போது ஒரு முறையும், கோடையில் உள்வாய் காய்ந்து கிடக்கும்போது ஒரு முறையும் செல்லுங்கள். வரத்துக்காலிலிருந்து தொடங்குங்கள். கரைமேல் நடந்து மதகருகே நில்லுங்கள். அதன் பெயரைப் பிள்ளை வாயாற் சொல்லச் செய்யுங்கள். கலங்கலைத் தேடிக் காணுங்கள். அங்கிருந்து மறுகால் செல்லும் வழியே மிதிவண்டியை விட்டு அடுத்த ஏரி வரை செல்லுங்கள். வழியில் மறுகால் மறைந்துபோய் வீடோ வேலியோ நிற்குமாயின், அவ்விடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய உலாவில் நீங்கள் கண்ட முதன்மையான காட்சி அதுவே.

பறவைகளின் பெயரையும் தமிழிலேயே சொல்லிக் கொடுங்கள். பையன் அதனைப் 'பெலிகன்' என்பான். கூழைக்கடா என்று திருத்துங்கள். 'பிளமிங்கோ' என்பான், பூநாரை என்று சொல்லுங்கள். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, முக்குளிப்பான், இலைக்கோழி என ஒவ்வொன்றையும் சொல்லிப் பாருங்கள். பறவையின் மூக்கும் கழுத்தும் தொழிலும் அப்பெயரிலேயே நிற்பதைப் பிள்ளை தானே கண்டு மகிழ்வான். கூடுகட்டும் மரத்துக்கு அருகே கூச்சலிடவேண்டா, தீனி எறியவேண்டா, நெகிழிப் பையை விட்டு வரவேண்டா. கட்டுச்சோற்றை இலையில் உண்டு எழுங்கள். ஊரில் முதியவர் எவரையேனும் கண்டால் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டாமல், அருகில் அமர்ந்து ஏரியைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களை எழுதிக்கொண்டு வாருங்கள்.

அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் நாம் வைக்கும் கோரிக்கை மூன்று. ஒன்று, உள்வாயில் ஒரு கூடை மண்ணும் கொட்டாதீர். நடைவழி கரையோடு நிற்கட்டும். இரண்டு, ஒவ்வொரு நீர்நிலையிலும் அதன் பழம்பெயர், வரத்துக்கால், மதகு, கலங்கல், மறுகால், அடுத்த ஏரியின் பெயர் ஆகியவற்றைத் தமிழிற் பொறித்த கல் நடுக. மூன்று, பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கொரு முறை தம் ஊர் ஏரிக்கு ஆசிரியரே அழைத்துச் செல்வதைப் பாடத்தின் ஒரு கூறாக்குக. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. 'ஐ லவ்' எழுத்துகளுக்கு எரிக்கும் மின்கட்டணமே போதும்.

அரசு செய்யும் வரை காத்திருப்பதும் அடிமைத்தனமே. உங்கள் ஊர் ஏரியின் கலங்கல் எங்கே உள்ளதென்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதெனின் வரும் ஞாயிறன்று புறப்படுக. அது திறந்திருக்கின்றதா, மூடிக் கிடக்கின்றதா என்று உங்கள் கண்ணாற் கண்டு, உங்கள் பிள்ளைக்குக் காட்டுக. மூடியிருப்பின் ஊரைக் கூட்டுக. நீரின் வழியைக் காப்போம். அவ்வழியைச் சொல்லும் தமிழையும் காப்போம்.